மண்டபத்துக்கு ஜெபராணி

உட்காரக் கூடாது என்பது விதி. அறைக் கண்காணிப்பாளர் பரீட்சை முடியும்வரை நின்றபடியோ நடந்தபடியோதான் இருக்க வேண்டும், அறையில் போட்டிருக்கும் நாற்காலி விடைத்தாள் கட்டு வைப்பதற்கு மட்டும் என்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். அங்கயற்கண்ணி ஜன்னலோரச் சுவரில் தோளை முட்டுக்கொடுத்து, உடம்புக் கனத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினாள். வலது கால் முனகியது. இத்தனை வருடமாக இடது முட்டியின் வேலையையும் சேர்த்துப் பார்த்த கால், இப்போது அதற்கும் முடியவில்லை. பிளஸ் டூ இயற்பியல். மேலே மின்விசிறி கடமைக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, காற்று கீழே வருவதாக இல்லை. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பி.டி. மிஸ்ஸாகவே காலத்தை ஓட்டியவளுக்குக் குனிந்த தலைகளைப் பார்த்துப் பழக்கமில்லை, விசில் ஊதினால் ஓடுகிற கால்களைத்தான் தெரியும். சாத்தூரில் இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குப் புதிது. முதல் மாடியில் அறை போட்டிருந்தார்கள், படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள், பின்னால் வந்த சின்ன வயசு டீச்சர்கள் பொறுமையாக நின்றார்கள், அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. போன் கீழே தலைமையாசிரியர் அறையில், மற்றவர்கள் போன்களோடு ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கிறது. அதன் வாயை அடைத்துவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், ஆனாலும் மெஹருன்னிசாவின் செய்தி அதற்குள் முழித்துக்கொண்டுதான் இருக்கும். "கண்ணி, இன்னைக்கு ரெண்டு மணிக்கு மண்டபத்த மூடுறேன். ஜெபாவ நீ சொன்னாத்தான் உண்டு. இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாதுடி." இரண்டு மணி என்பது நம் ஊர் மணி. மெஹர் மஸ்கட்டில் இருந்தாலும் சோறும் சண்டையும் நம் ஊர் மணிக்குத்தான்.

மண்டபம் என்றால் கல்யாண மண்டபம் இல்லை. அவள் வீட்டுக்காரர் சுந்தரவடிவேல் முதல்தடவை கேட்டபோது அப்படித்தான் நினைத்து, யாருக்குக் கல்யாணம், நாமளும் போகணுமா என்று கேட்டார். கீர்த்தி மண்டபம், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆடி ஓய்வு பெற்றவர்களின் பெயரை ஏற்றிவைக்கிற இடம். ஒரு காலத்தில் ஒரே விளையாட்டு விடுதியில் தங்கிப் பாஸ்கெட்பால் ஆடிய பத்துப் பெண்கள், இப்போது டீச்சராகவும் போலீஸாகவும் வீட்டோடும் இருப்பவர்கள், ஊரடங்கு நேரத்தில் பொழுது போகாமல் மெஹர் தலைமையில் ஆரம்பித்தது கோடை லீக். ஆளுக்கு ஒரு டீம். ஆட்டக்காரிகள் யாரும் நிஜமில்லை, கம்ப்யூட்டர் பெற்றுப்போட்ட பெண்கள். ஆட்டத்தையும் அதுவே ஆடிக்கொள்ளும். யாரை இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று நாம் சொல்லிவிட்டால் போதும், சாயங்காலம் யார் ஜெயித்தது, யார் கூடை போட்டது, யாருக்கு அடி என்று மெஹர் குரூப்பில் போடுவாள். இங்கே இரண்டு மாதம் போனால் அங்கே ஒரு வருடம் போய்விடும். அந்தப் பெண்களுக்கும் வயசாகும், வேகம் குறையும், ஒருநாள் 'ஓய்வு பெற்றாள்' என்று ஒரு வரி வரும். ஆரம்பிக்கும்போதே மெஹர் ஒரு வழக்கம் வைத்தாள். ஆளுக்கு ஒருத்தியைத் தன் பெயரிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். நூறு புள்ளி தருவாள், ஷூட்டிங், பாஸ், ஓட்டம், தாவுதல், உடம்பு என்று இஷ்டம்போலப் பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. ஆனால் நம் பெயர்க்காரி நம் டீமில் ஆட முடியாது, சீட்டுக் குலுக்கி வேறொருத்தி டீமுக்குப் போய்விடுவாள். ஓய்வு பெற்றபிறகு அவளை மண்டபத்துக்கு முன்மொழிய வேண்டியதும் அந்த வேறொருத்திதான், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். "பெத்தவ சொல்லக் கூடாது, வளத்தவதான் சொல்லணும்" என்றாள் மெஹர். மூன்று லீக் வருடத்துக்குள் சொல்லாவிட்டால் பெயரை கம்ப்யூட்டரே துடைத்துவிடும், அப்படி ஒருத்தி ஆடினாள் என்பதற்கே தடம் இருக்காது. அங்கயற்கண்ணி தன் நூறு புள்ளியில் முக்கால்வாசியை உடம்பில் கொட்டினாள். அவள் பெயர்க்காரி பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை, ஆனால் ஒரு ஆட்டம் விடாமல் ஆடினாள், ஒருநாள்கூட முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை, மெஹர் டீமிலேயே கிழவியாகி ஓய்வு பெற்றாள். முதல் வருடமே மெஹர் மண்டபத்துக்கு எழுதிவிட்டாள், 'ஒரு நாளும் லீவு போடாதவள்' என்று. பெயர்க்காரிகளில் ஒன்பது பேர் உள்ளே போயாயிற்று. வெளியே நிற்பது ஜெபராணி ஒருத்திதான். சீட்டில் அங்கயற்கண்ணியின் டீமுக்கு வந்து விழுந்தவள்.

"மிஸ், அடிஷனல் ஷீட்." கடைசி வரிசையில் கை தூக்கியிருந்தது ஒரு பெண். ஜன்னலோரத்திலிருந்து அங்கே போய்த் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முட்டிக்குள் மணல் அரைபடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது, வெளியே கேட்டிருக்காது, அவளுக்குக் கேட்டது. கை தூக்கினால் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். விடுதியில் இருந்த காலத்தில், தஞ்சாவூர் ஆட்டத்தில் அன்றைக்கு அவளும் கை தூக்கிக்கொண்டுதான் நின்றாள், ரிங்குக்குக் கீழே, தனியாக, பக்கத்தில் தடுக்க ஒருத்தி கிடையாது. வெயில் சிமெண்ட் கோர்ட்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது, மேடையில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு இளநீர் குடித்தார்கள். ஒரு சர்க்கார் கம்பெனி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த வருடம் ஒரே ஒரு இடம், அது ஜெபராணிக்கு அல்லது இவளுக்கு என்று விடுதி சமையல்கார அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஒரே அறை, ஒரே வாளி, ஒரே கண்ணாடி. பவுடர் யார் வாங்கினாலும் இருவர் முகத்திலும் இருக்கும். ஜெபராணி ராத்திரி ஜெபம் பண்ணும்போது இவள் பெயரையும் சேர்த்துச் சொல்லுவாள், இவள் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டு சிரிப்பாள். பந்து ஜெபராணி கையில் இருந்தது. அவள் பார்த்தாள். இதில்தான் அங்கயற்கண்ணியின் மனசு ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்ளும், சேலை முந்தானை கதவு ஆணியில் மாட்டுகிற மாதிரி. பார்த்தாள். கண்ணும் கண்ணும் முட்டின. பார்க்கவில்லை என்றால் அது வேறு, விளையாட்டில் ஆயிரம் நடக்கும், வெயில் கண்ணில் அடிக்கும், பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் தானே ரிங்கைப் பார்த்துப் போட்டாள். பந்து இரும்பில் பட்டுத் தெறித்தது. இவள் எம்பி, வந்த பந்தை அப்படியே உள்ளே தள்ளினாள், கூடை இவளுடையது, ஆட்டத்தை ஜெயித்த கூடை, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இறங்கும்போது கால் யாருடைய பாதத்தின் மேலோ இறங்கி, முட்டி ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போனது. கைதட்டல் கேட்டது. கைதட்டல் நடுவிலேயே கத்தினாள், சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் தட்டினார்கள்.

முட்டி போனவளை யார் வேலைக்கு எடுப்பார்கள். ஜெபராணி போனாள். வடக்கே எங்கேயோ போஸ்டிங், ஆடினாள், பிறகு ஆட்டத்தை விட்டு நாற்காலிக்கு மாறி இப்போது பெரிய அதிகாரி, குரூப்பில் போட்டிருக்கும் படத்தில் மேஜைக்குப் பின்னால் இருக்கிறாள், மேஜை நல்ல அகலம். இவளுக்கு மாவுக்கட்டு, எண்ணெய், பிறகு ஒரு ஆபரேஷன், பிறகு பி.பி.எட்., பிறகு விசில். குறை என்று சொல்ல முடியாது. சம்பளம் வருகிறது, வீட்டுக்காரர் நல்ல மனுஷன், மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், பந்து என்றால் தூர நிற்கும் பெண். குறை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள். சமையல்கார அம்மா ரசம் கொண்டுவந்தாள், மெஹர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள், கோச் வந்து கதவோரம் நின்று அழுதுவிட்டுப் போனார். ஜெபராணி வரவில்லை. சரி, பயம், வெட்கம், ரயிலுக்கு நேரமாயிற்று, என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருடம், கடிதம் இருந்தது, போன் வந்தது, வாட்ஸ்அப் வந்தது, குரூப்பில் எல்லோர் பிறந்தநாளுக்கும் 'இறைவன் ஆசீர்வதிப்பாராக' என்று போடுகிறாளே, ஒரே ஒரு தடவை முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். உலகத்தில் எல்லோரும் கேட்டாயிற்று. பால்காரர் கேட்கிறார், பஸ் கண்டக்டர் கேட்கிறார், பள்ளிக்கூட வாட்ச்மேன் தினமும் கேட்கிறார். எல்லோருக்கும் ஒரே பதில்தான், பரவால்ல. வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னால் உடனே ஒரு எண்ணெய் பெயர் வரும், ஒரு வைத்தியர் பெயர் வரும், மச்சினி மாமியாருக்கு இப்படித்தான் என்று ஒரு கதை வரும். பரவால்ல என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கேட்காத ஒருத்திக்குத்தான் அவள் வருடக்கணக்காக மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பதில் மட்டும் நீளமாக, ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக, குளிக்கும்போது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, இப்படிச் சுவரோரம் நிற்கும்போது.

பெயர்க்காரிகளின் புள்ளிகளை மெஹர் குரூப்பில் போட்ட அன்று எல்லோரும் ஜெபராணியைத்தான் பார்த்தார்கள். ஷூட்டிங்கில் ஒன்றுமில்லை. உடம்பில் ஒன்றுமில்லை. ஓட்டத்தில் கொஞ்சம், மற்றதெல்லாம் பாஸ். நூறில் பெரும்பங்கைப் பாஸில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தாள். குரூப்பில் போலீஸ்காரி வேலம்மாள் மட்டும், "ஏ ஜெபா, பாஸா, நீயா" என்று போட்டாள். ஜெபராணி கைகூப்பிய பொம்மை ஒன்றைப் போட்டாள். அங்கயற்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடகம், நல்ல பெயர் வாங்குகிற நாடகம், நிஜத்தில் கொடுக்காத பந்தை கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டால் ஆயிற்றா. சீட்டில் அந்தப் பெயர் தன் டீமுக்கே வந்து விழுந்ததும் அவள் யோசிக்கவே இல்லை, பெஞ்சில் போட்டாள். முதல் வருடம் பெஞ்ச். இரண்டாம் வருடம் பெஞ்ச். மெஹர் கேட்டபோது, "எங்கிட்ட பந்து கொண்டுபோற கார்டு எடத்துல ஆட ஆளு இருக்குல்ல, பெறகென்ன" என்றாள். மூன்றாம் வருடம் கார்டு ஆடியவளுக்கு அடிபட்டு, வேறு வழியில்லாமல் இறக்கினாள். இறக்கிய நாலாவது ஆட்டத்தில் மெஹர் ஒரு வரி போட்டாள். ஜெபராணி, முழங்கால் காயம், இந்த வருடம் இனி இல்லை. அங்கயற்கண்ணி அப்போது அடுப்படியில் இருந்தாள், தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. சிரித்தாள். சத்தமாகவே சிரித்துவிட்டாள் போலிருக்கிறது, ஹாலிலிருந்து மகள் என்னம்மா என்றாள். ஒண்ணுமில்ல என்றாள். கல் புகைந்தது. எத்தனை ராத்திரி ஆசைப்பட்ட காரியம் அது, அவளுக்கும் இப்படி ஆகணும், அவளும் ஒருநாள் படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறணும் என்று, இப்போது ஏதோ ஒரு மெஷின் கேட்டதைக் கொடுத்தமாதிரி கொடுத்துவிட்டது, ஆனால் தன் தட்டுத் தோசையை அப்படியே மகள் பக்கம் நகர்த்தினாள். அடிபட்டவளை டீமிலிருந்து கழற்றிவிட்டு வேறொருத்தியை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அவளே இரண்டு பேரைக் கழற்றிவிட்டிருக்கிறாள். கழற்றவா என்று மெஹர் கேட்டாள். "கெடக்கட்டும்" என்று பதில் போட்டாள் அங்கயற்கண்ணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. எடுக்கிறதற்கு நல்ல ஆள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நல்ல ஆள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு முழு லீக் வருடம் ஜெபராணிக்கு இடம் வைத்து டீமை ஓட்டினாள், கடைசி இடத்துக்குப் போனாள், வேலம்மாள் கேலி பண்ணினாள். தனக்கு யாரும் வைக்காத இடம் அது. தஞ்சாவூரில் யாராவது ஒருத்தர், தொப்பி போட்ட ஒருத்தர், இந்தப் பெண் எழுந்து வரட்டும், இடத்தை வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தால். யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள், போயும் போயும் ஜெபராணிக்கு, அதுவும் கம்ப்யூட்டரில்.

அந்த ஜெபராணி திரும்பி வந்தாள். வேகம் பாதியாகிவிட்டது, தாவ முடியாது, சுட்டால் ஒன்றும் விழாது. ஆனால் பந்து கையில் வந்தால் கொடுத்தாள். ஆட்டத்துக்கு ஆட்டம், வருடத்துக்கு வருடம், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று மெஹர் போடும் வரிகளில் முதல் பெயர் அவளாகத்தான் இருந்தது. கூடை போட்டவர்கள் பெயர் வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் அங்கயற்கண்ணி சாயங்காலம் ஆனதும் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தேடினாள், இன்றைக்கு என் பிள்ளை எத்தனை கொடுத்தாள் என்று. என் பிள்ளை என்று மனசு சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டு, அதன் வாயை உடனே மூடினாள். இரண்டு ஜெபராணி இருக்கிறார்கள், ஒருத்தி பார்த்துவிட்டுக் கொடுக்காதவள், ஒருத்தி கொடுத்துக்கொண்டே இருந்தவள், இரண்டுக்கும் ஒரே பெயர், அதுதான் தொல்லை. கொடுத்தவள் இவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் மண்டபத்தில் அந்தப் பெயரை ஏற்றினால் அகலமான மேஜைக்குப் பின்னால் இருப்பவள் அல்லவா படித்துச் சந்தோஷப்படுவாள், கண்ணி மன்னித்துவிட்டாள் என்று மெழுகுவர்த்தி கொளுத்துவாள், யார் மன்னித்தது. மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை. அந்த ஜெபராணி ஓய்வு பெற்ற முதல் லீக் வருடம் மெஹர் கேட்டபோது மறந்துவிட்டேன் என்றாள், இரண்டாம் வருடம் பரீட்சைப் பேப்பர் வேலை என்றாள், பி.டி. மிஸ்ஸுக்கு ஏதுடி பேப்பர் என்று மெஹர் கேட்கவில்லை, பெரிய மனசு. இது மூன்றாவது வருடம், மறக்கவும் முடியாது, பேப்பரும் இல்லை. சும்மா இருந்தாலே போதும். இரண்டு மணி தாண்டினால் பெயர் தானாகப் போய்விடும், யார் மேலும் பழி வராது. சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று ஜெபராணியைக் கேட்டால் சொல்லுவாள், அவள் எத்தனை வருடம் சும்மா இருந்தவள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்தது. அங்கயற்கண்ணி சுவரிலிருந்து விலகி நிமிர்ந்து நின்றாள். பரீட்சையை மேற்பார்க்கும் துறை அதிகாரி சற்குணம், நல்ல மனுஷர், கதவோரம் நின்று பார்த்தார். "டீச்சர், ஒரு மாதிரி நிக்கிறீங்களே, காலுக்கு என்னமும் முடியலையா?" என்றார் குரலைத் தாழ்த்தி. "பரவால்ல சார்." "நாங் கெளம்புனப்புறம் ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துக்கங்க, நாங் கண்டுக்கல." "பரவால்ல சார்." அவர் போய்விட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டுமே, அந்தப் பயம். மதுரையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இடது முழுசா தேஞ்சு போச்சும்மா, வலதும் அதே பாதைதான், ரெண்டையும் மாத்திரலாம் என்றார், டயரை மாற்றலாம் என்பதுபோல. அவளுக்கு ஆபரேஷன் மேஜையை நினைத்துப் பயமில்லை. அதற்குப் பிறகை நினைத்துத்தான் பயம். வலி போய்விட்டால் என்ன மிச்சம் இருக்கும். காலையில் கண்ணைத் திறந்ததும் முதலில் வருவது முட்டி, முட்டிக்குப் பின்னாலேயே வருவது தஞ்சாவூர், தஞ்சாவூருக்குப் பின்னாலேயே அவள் முகம், இத்தனை வருடமாக ஒரே வரிசை, காப்பிக்கு முன்னால். அந்தக் கோபம் இல்லாமல் அவள் எழுந்ததே இல்லை. அதை எடுத்துவிட்டால், பாஸ்கெட்பால் ஆடி முட்டி போன ஒரு பி.டி. மிஸ், மாவட்டத்துக்கு நூறு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். ஜெபராணி இருக்கிறவரைக்கும் இது ஒரு கதை. இப்படி நினைத்ததும் அவளுக்கு அசதியாக வந்தது, உடம்பு அசதி இல்லை, அதையும் தாண்டிய ஒன்று, கல்யாண வீட்டில் பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு இன்னும் ஒரு பந்தி இருக்கிறது என்று கேட்கும்போது வருமே, அந்த அசதி. எவ்வளவு நாளைக்கு இந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு படியேறுவது. முட்டியில் பாதிக் கனம் ஜெபராணியாகத்தான் இருக்க வேண்டும். மன்னிக்க வேண்டாம். மன்னிப்பெல்லாம் பெரிய வேலை, அதற்குத் தெம்பில்லை. ஆனால் ஆடியவள் ஆடினாள். அடிபட்டாள், வந்தாள், கொடுத்தாள். அதைக் கண்ணால் பார்த்தது இவள் ஒருத்திதான், பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால். பார்த்துவிட்டு. அங்கயற்கண்ணியின் மனசு மறுபடியும் அதே ஆணியில் போய் மாட்டியது, ஆனால் இந்தத் தடவை பார்த்துவிட்டுக் கொடுக்காமல் நிற்பது அவள்.

மணி அடித்தது. ஒரு பெண் கடைசி வரியை எழுதிக்கொண்டே எழுந்து நின்றது, இரண்டு பெண்கள் கேள்வித்தாளைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி நம்பாமல் தலையாட்டின. அங்கயற்கண்ணி வரிசை வரிசையாகப் போய்த் தாள்களை வாங்கினாள், எண் வரிசையில் அடுக்கினாள், எண்ணினாள், மறுபடி எண்ணினாள், ஒன்று குறைந்தது, மூன்றாம் தடவை எண்ணினாள், பிறகு வராத பெண்ணின் எண் அது என்று ஞாபகம் வந்தது. கட்டைக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை, முட்டி வலி உள்ள யாரும் இதைச் சொல்லுவார்கள். கட்டை ஒப்படைக்க வரிசை நின்றது. முன்னால் நின்ற டீச்சரின் கட்டில் ஏதோ கையெழுத்து விட்டுப்போய் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டாள், மறுபடி பார்த்தாள். நேரம் தாண்டிவிட்டால் நல்லதுதான் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே முன்னால் நின்றவளின் தோளைத் தொட்டு, "டீச்சர், ஒரு அவசரம், என்னைய முன்னாடி விட்டுருங்களேன்" என்றாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

போனைக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. தூணோரம் யாரோ ஒரு நாற்காலியை விட்டுப் போயிருந்தார்கள், அதன்மேல் கைப்பையை வைத்துவிட்டு நின்றபடியே குரூப்பைத் திறந்தாள். மண்டபத்துக்கு, ஜெபராணி, என்று அடித்தாள். ஏன் என்று ஒரு வரி வேண்டும். 'நன்றாக ஆடினாள்' என்று அடித்து அழித்தாள், பரீட்சையில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதுகிற பதில் மாதிரி இருந்தது. 'எங்கள் டீமின்' என்று ஆரம்பித்து அதையும் அழித்தாள். பிறகு யோசிக்காமல் அடித்தாள். 'முட்டி போனபிறகும் திரும்பி வந்தாள். வந்து எல்லோருக்கும் பந்து கொடுத்தாள்.' படித்துப் பார்த்தால் அழித்துவிடுவோம் என்று தெரிந்து, படிக்காமல் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மெஹர் கட்டைவிரல் போட்டாள், பின்னாலேயே, "ஏறியாச்சு. பத்துப் பேரும் உள்ள. கதவச் சாத்துறேன்" என்றாள். வேலம்மாள் கைதட்டும் பொம்மை போட்டாள். அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை, முட்டி அதே மாதிரி வலித்தது, வெயில் அதே மாதிரி அடித்தது, பிள்ளைகள் கேட்டுக்குப் பக்கத்தில் மாங்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். போனைப் பைக்குள் போடப் போகும்போது அது அதிர்ந்தது. குரூப் இல்லை, தனியாக. ஜெபராணி பெயரில் அவளுக்குத் தனியாக ஒரு செய்தியும் இதுவரை வந்ததில்லை, அந்தப் பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது, அடியில் ஒரே ஒரு வரி.

"முட்டி எப்பிடி இருக்கு கண்ணி?"

வராந்தாவில் டீச்சர்கள் அவளைக் கடந்து போனார்கள். வருடக்கணக்காகச் சொல்லிவைத்திருந்த பதில் எல்லாம் தொண்டைவரைக்கும் வந்தது, பார்த்தாயே என்பது வந்தது, வாளியும் கண்ணாடியும் வந்தன, ரசம் கொண்டுவந்த அம்மா வந்தாள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றன. விரல் பழக்கத்தில் தானாகப் 'பரவால்ல' என்று அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். "வலிக்குது" என்று அடித்து அனுப்பினாள். பிறகு கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.